எண்ணினால் உறவு தெரியுமா?

அன்புள்ள ஐயா,

ஆய்வுக்காக 20 சிறுகதைகளில் வரும் கோபம், பாசம், பயம், ஏக்கம் போன்ற சொற்களைக் கணினியில் எண்ணி, தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளின் (உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் வகைகளின்) கீழ்ப் பிரித்திருக்கிறேன். பாத்திரங்களின் உறவை இதை வைத்துச் சொல்லிவிடலாமா? இதற்கு எந்த மென்பொருள் நல்லது?

ர.

அன்புள்ள ர,

மென்பொருள் எதுவானாலும் சரி. தொல்காப்பியத்துக்குப் போனதில் சந்தோஷம், ஆனால் பாதியில் திரும்பிவிட்டீர்கள். அதில் இதைப் பேசும் பகுதியான மெய்ப்பாட்டியல் எட்டுப் பெயரோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்காகச் சொல்கிறது. வெகுளிக்கு, அதாவது கோபத்துக்கு, உறுப்பறை (உறுப்பை அறுப்பது), குடிகோள் (குடும்பத்தைக் கெடுப்பது), அலை (அடித்தும் வைதும் வருத்துவது), கொலை. அத்தனையும் ஒருவர் இன்னொருவருக்குச் செய்வது. நீங்கள் அதை விட்டுவிட்டுத் தலைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். இது சோம்பேறித்தனம்.

நல்ல கதையில் கோபம் என்ற சொல்லே வராமல் போகலாம். வினைமுற்றைப் பாருங்கள். என் அம்மாவும் அத்தையும் ஒரே வீட்டில் வருஷக்கணக்கில் முகம் கொடுக்காமல் இருந்தார்கள். ஆனால் பேச்சு நடந்துகொண்டுதான் இருந்தது. "கதவைச் சாத்தணும்." "இன்னும் தண்ணி வரலை." "விளக்கை அணைக்கலாம்." சாத்தணும், வரலை, அணைக்கலாம்: மூன்றிலும் ஆளைக் காட்டும் விகுதி இல்லை. நீ என்றும் சொல்ல வேண்டாம், நீங்கள் என்றும் சொல்ல வேண்டாம். எதிரில் இருப்பவரை ஆளாகவே ஏற்காமல் ஒரு குடும்பத்தை நடத்திவிடலாம். தமிழ் இலக்கணம் அதற்கு அவ்வளவு வசதி செய்து வைத்திருக்கிறது.

அத்தைக்குக் காய்ச்சல் கண்ட ஒரு ராத்திரி, அம்மா வாசற்படியில் நின்றபடியே, "மாத்திரை போட்டியா?" என்றாள். உள்ளேயிருந்து, "போட்டேன் அண்ணி" என்று பதில் வந்தது. சின்னப் பையனான எனக்கே உடம்பு சிலிர்த்தது. முன்னிலை விகுதி திரும்பி வந்துவிட்டது, பின்னாலேயே முறைப்பெயரும் வந்துவிட்டது. உங்கள் கணினி இதில் என்ன எண்ணும்? மாத்திரை ஒன்று என்று எண்ணும்.

'அவளுக்குக் கோபம் வந்தது' என்று ஆசிரியரே சொல்லும் வரிகளைத்தான் உங்கள் பட்டியல் பிடித்திருக்கும். அவற்றில் பல, உரையாடலில் காட்ட முடியாமல் அவர் கைவிட்ட இடங்கள்.

இவ்வளவு உழைத்தவரைத் திட்டுவது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. உழைப்பு வீணாக வேண்டாம். அந்த இருபதில் உங்களுக்கு மிகவும் பிடித்த கதை ஒன்றை எடுங்கள். பேச்சில் வரும் வினைமுற்றுகளை அடிக்கோடிடுங்கள். நீ எங்கே நீங்கள் ஆகிறது, முறைப்பெயர் எந்த வரியோடு நின்றுபோகிறது, ஆளே இல்லாத வினை எங்கே தொடங்குகிறது என்று குறித்து எனக்கு அனுப்புங்கள். வாசிக்கக் காத்திருக்கிறேன்.