வீட்டை விற்க வேண்டாம், ஜூவாலஜியில் சேருங்கள்

மகளை மேலே என்ன படிக்க வைப்பது என்று கேட்க, கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் போன ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தது. அப்பா காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். அம்மாவுக்கு வீட்டிலேயே தையல் வேலை. மகள் மாநகராட்சிப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவள். தம்பி ஏழாவது படிக்கிறான். கூடவே மணலியிலிருந்து தாய்மாமன். ஒன்றரை மணி நேரத்தில் முக்கால்வாசி பேசியது அவர்தான். பெண் ஒரு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நீட் ரெண்டாவது தடவையும் போயிடுச்சு மேடம். அரசுப் பள்ளிக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுலயும் எட்டல. இன்னொரு வருஷம் லாங் டெர்ம் கோச்சிங் போடலாமா, இல்ல வெளிநாட்டுக்கு அனுப்பிடலாமா? வீடு ஒண்ணு இருக்கு, அரை கிரவுண்டு. வித்துக்கலாம்."

வழக்கம்போல ஆறுதலாகத்தான் பேச ஆரம்பித்திருந்தேன். வீடு என்றதும் நிறுத்திவிட்டேன். அப்புறம் பேச்சு கொஞ்சம் சூடாகி, பாதியில் முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு வியாசர்பாடியிலும் திருவொற்றியூரிலும் இன்னும் பலர் இருப்பார்கள்.

சார் (அப்பாவைத்தான் சொல்கிறேன்), முதலில் பணம். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்பிபிஎஸ் என்றால் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். சுயநிதிக் கல்லூரியின் மேனேஜ்மென்ட் கோட்டாவிலும் ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டும். நாலரை வருடத்துக்கு நீங்களே பெருக்கிப் பாருங்கள். வெளிநாட்டில் படித்தால் மலிவு என்று மாமா சொன்னார். அப்படிப் படித்தவர்கள் இங்கே டாக்டராக வேலை பார்க்க, திரும்பி வந்து எஃப்எம்ஜிஇ என்ற தேர்வை எழுத வேண்டும். அதில் தேறுகிறவர்களைவிடத் தவறுகிறவர்களே அதிகம். அதையும் மாமா சொல்லியிருக்கலாம்.

உங்களுக்கு அந்த வீட்டை விட்டால் வேறு சொத்து இல்லை. உங்கள் பையனுக்கு எட்டு வயதில் சிறுமூளையில் கட்டி வந்தது. ஆபரேஷன், கரண்ட் (கதிர்வீச்சு), கீமோ மூன்றையும் தாண்டி வந்திருக்கிறான். இப்போது நன்றாக இருக்கிறான், ஆனால் உயரம் ஏறவில்லை, எழுதும்போது கை நடுங்குகிறது, வகுப்பில் மெதுவாகத்தான் வருகிறான். வளர்கிற மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் கதிர்வீச்சு கொடுத்தால் இதெல்லாம் வரும் என்று டாக்டர்களே உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். ஸ்கேன், ஹார்மோன் பரிசோதனை என்று அவனுக்கு இன்னும் பல வருடம் செலவு இருக்கிறது. அந்த வீடு அவனுடையது. அதில் கை வைக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டேன்.

அடுத்தது பெண்ணின் விருப்பம். "தம்பிக்கு வந்ததிலிருந்து வீட்ல ஒரு டாக்டர் வேணும்னு ஆயிடுச்சு" என்றார் அம்மா. யாருக்கு ஆயிடுச்சு? பெண்ணிடம் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் தம்பியின் பயாப்ஸி ரிப்போர்ட்டை அப்படியே எழுதி வைத்திருக்கிறாள். தம்பிக்கு வந்த கட்டியின் பெயர் 'மெடுலோபிளாஸ்டோமா', அந்தச் சொல்லுக்குக் கீழே மூன்று கோடு. பக்கத்தில் மூன்று கேள்வி: குழந்தைகளுக்கே ஏன் அதிகம்? சிறுமூளையில் ஏன்? எட்டு வயதில் வந்ததா, முன்னாடியே இருந்ததா?

சார், இந்த மூன்றில் ஒன்றுகூட வைத்தியத்தைப் பற்றிய கேள்வி இல்லை. மூன்றும் கரு வளர்ச்சியைப் பற்றியவை. எம்பிபிஎஸ்ஸில் கருவியல் முதல் வருடம் வந்து போகும், அவ்வளவுதான். உங்கள் பெண் கேட்பது அதையே வாழ்நாள் முழுக்கப் படிக்கிறவர்கள் கேட்கும் கேள்வி.

பதில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அவளுக்கு அன்று கொஞ்சம் சொன்னேன், நீங்களும் கேளுங்கள். இந்தக் கட்டிக்குப் பெயர் வைத்தது 1925-இல், ஹார்வி குஷிங், பெர்சிவல் பெய்லி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள். 'மெடுலோபிளாஸ்ட்' என்று ஒரு கரு செல் இருக்கும், அதிலிருந்துதான் கட்டி வருகிறது என்று நினைத்துப் பெயரை வைத்தார்கள். அப்படி ஒரு செல்லை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். அதில் 6,900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன, எடையில் அது பத்தில் ஒரு பங்குதான் என்றாலும். இத்தனை செல்லை உருவாக்க நேரம் வேண்டுமே. அதனால் சிறுமூளையின் வேலை குழந்தை பிறந்த பிறகும் முடிவதில்லை. அதன் வெளிப்பரப்பில் குட்டி செல்கள் வேகமாகப் பெருகிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் பெருகுவதை நிறுத்தி உள்ளே இறங்கி நரம்பு செல்லாக மாறும். 'பெருகு' என்று ஒரு சிக்னல், 'போதும்' என்று ஒரு பிரேக். பிரேக் பழுதானால் சில செல்கள் குட்டியாகவே நின்று பெருகும். மெடுலோபிளாஸ்டோமாவில் ஒரு வகை இப்படித்தான் வருகிறது.

அந்த 'பெருகு' சிக்னலைக் கண்டுபிடித்த கதையைத்தான் மாமா கேட்க வேண்டும். கிறிஸ்டியானா நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ் இருவரும் ஜெர்மனியில் உட்கார்ந்து, வாழைப்பழத்தில் மொய்க்குமே அந்தச் சின்ன ஈ, அதன் புழுக்களை ஆயிரக்கணக்கில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். ஒரு ஜீன் கெட்டுப்போன புழுவுக்கு உடம்பெல்லாம் முள் நெருக்கமாக இருந்தது. அந்த ஜீனுக்கு 'முள்ளெலி' (ஆங்கிலத்தில் ஹெட்ஜ்ஹாக்) என்று பெயர் வைத்து 1980-இல் வெளியிட்டார்கள். 1995-இல் நோபல் பரிசு. இருவருமே மருத்துவர்கள் அல்ல. பாலூட்டிகளில் இருக்கும் அதே குடும்பத்து ஜீனுக்கு ஒரு வீடியோ கேம் பாத்திரத்தின் பெயர், 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்'. (இதைச் சொன்னபோது தம்பி முதல் தடவையாகச் சிரித்தான்.) மேலே சொன்ன சிறுமூளை சிக்னல் அதுதான்.

மெடுலோபிளாஸ்டோமா ஒரே நோய் இல்லை, நான்கு பெரிய வகை. மூன்றாவது, நான்காவது வகைகள் எந்த செல்லிலிருந்து கிளம்புகின்றன என்பது ரொம்ப நாள் தெரியாமலே இருந்தது. காரணம், எல்லாரும் எலியில் தேடினார்கள். கருவில் சிறுமூளையின் ஓரத்தில் 'ராம்பிக் லிப்' என்று ஒரு விளிம்பு உண்டு. மனிதக் கருவில் அது எலியைவிட நீண்ட காலம் நிற்கிறது, எலிக்கு இல்லாத ஓர் அடுக்கும் அதில் இருக்கிறது. அந்த அடுக்கு செல்கள் முதிராமல் நின்றுபோவதுதான் தொடக்கம் என்று டொராண்டோ, சியாட்டில் ஆய்வாளர்கள் 2022-இல் காட்டினார்கள். அப்படியானால் கட்டி தெரிவது ஏழு, எட்டு வயதில். தவறு நடந்தது பிறப்பதற்கு முன்பே. பெண்ணின் மூன்றாவது கேள்விக்கு இதுதான் பதில் வருகிற திசை.

அம்மா, உங்களுக்கு ஒன்று. கிரகணத்தன்று வெளியே போனேன், மாசமாக இருந்தபோது பப்பாளி சாப்பிட்டேன் என்று அன்று அழுதீர்கள். கோடிக்கணக்கான செல் பிரியும்போது எங்கோ ஒரு ஜீனில் எழுத்துப் பிழை விழுகிறது. சிறு பங்கு குழந்தைகளுக்கு மட்டும் பரம்பரையாக வரும் ஜீன் காரணம். நீங்கள் சாப்பிட்டதும் போனதும் காரணம் இல்லை. மாமியார் சொன்னாலும் இல்லை.

சரி, படிப்புக்கு வருகிறேன். இன்ஜினியரிங், நர்சிங், பாராமெடிக்கல் பற்றியெல்லாம் எல்லாரும் சொல்வார்கள், நான் சொல்லப்போவதில்லை. நான் சொல்வது பி.எஸ்சி. விலங்கியல், அரசுக் கல்லூரியில். "ஜூவாலஜியா?" என்று மாமா முகம் சுளித்தது எனக்குத் தெரியும். நானும் ஜூவாலஜி படித்தவள்தான். சாய்வு இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படிப்பில் கருவியல் என்று தனியாக ஒரு பாடமும், அதற்குச் செய்முறையும் உண்டு. 33 மணி நேரக் கோழிக் கருவை நிறமேற்றி ஸ்லைடில் வைத்திருப்பார்கள். மைக்ராஸ்கோப்பின் கீழே, நீளவாக்கில் ஒரு சிவப்புக் கோடு, தலைப்பக்கம் மூன்று வீக்கம், மல்லிகை மொட்டு வரிசைபோல. முன்மூளை, நடுமூளை, பின்மூளை. 72 மணி நேர ஸ்லைடில் மூன்று ஐந்தாகியிருக்கும், தலை குனிந்திருக்கும். பின்மூளையிலிருந்து பிரிந்த ஒரு துண்டில்தான் சிறுமூளை வரப்போகிறது. தன் தம்பிக்குக் கட்டி வந்த இடத்தை உங்கள் பெண் அங்கே விரல் வைத்துக் காட்டலாம். உயிருள்ள கருவையும் பார்க்கலாம். அடைகாத்த முட்டையின் ஓட்டில் செலோடேப் ஒட்டி, சின்னக் கத்தரியால் ஜன்னல்போல வெட்டினால், மூன்றாம் நாள் முட்டையில் சிவப்பு நூல்களுக்கு நடுவே ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருக்கும். இதைச் சொல்லும்போதுதான் பெண் மின்விசிறியை விட்டு என்னைப் பார்த்தாள். "ஜன்னல் வெட்டினாலும் வளருமா மேடம்?" என்றாள். ஓட்டையை டேப் போட்டு மூடினால் வளரும்.

மாநிலக் கல்லூரி, ராணி மேரிக் கல்லூரி இரண்டிலும் விலங்கியல் இருக்கிறது. இரண்டுமே கடற்கரைச் சாலையில். கொருக்குப்பேட்டையில் ரயிலேறி பீச் ஸ்டேஷனில் மாறினால் சேப்பாக்கம், கலங்கரை விளக்கம். அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம்தான். கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம், அவ்வளவுதான். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். மூன்று வருடக் கோச்சிங் கட்டணத்தில் இரண்டு பேர் படித்து முடிக்கலாம்.

இரண்டாம் வருடத்திலிருந்து கண் வைக்க வேண்டியவை வேறு. எம்.எஸ்சி. சேர்க்கைக்கு ஐஐடிகள் நடத்தும் ஜாம் தேர்வு பிப்ரவரியில் வரும், அதில் பயோடெக்னாலஜி தாள். அது கிடைத்தால் ஐஐடியில் எம்.எஸ்சி., பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஒருங்கிணைந்த பிஎச்.டி. இன்னொன்று டிஐஎஃப்ஆர் (டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம்) நடத்தும் ஜேஜிஇஇபிஐஎல்எஸ் என்ற நுழைவுத் தேர்வு, அதிலும் நேர்காணலிலும் தேறினால் பெங்களூரு என்சிபிஎஸ் என்ற உயிரியல் ஆய்வு மையத்துக்குப் போகலாம். ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கியவர்களுக்கு மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். டாடா மெமோரியலின் புற்றுநோய் ஆராய்ச்சி மையமான ஆக்ட்ரெக், நவி மும்பை கார்கரில் இருக்கிறது, மெடுலோபிளாஸ்டோமாவிலேயே வேலை செய்கிறவர்கள் அங்கே உண்டு. மும்பை தூரமா? கிண்டியைத் தாண்டினால் ஐஐடி மெட்ராஸ். அங்கே உள்ள மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் ஐந்து மனிதக் கரு மூளைகளை மெல்லிய சீவல்களாக வெட்டி, 5,000-க்கும் மேற்பட்ட படங்களாக யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிட்டது. 'தரணி' என்று பெயர். எலியில் இல்லாதது மனிதக் கருவில் இருக்கிறது என்றேனே, அதைத் தேட இப்படிப்பட்ட படங்கள்தான் வேண்டும். அவளுடைய போனிலேயே திறக்கலாம், இன்றைக்கே.

இதில் இருக்கும் கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று, இரண்டு, அப்புறம் ஐந்தாறு வருடம். பிஎச்.டி. முடிக்கும்போது இருபத்தெட்டு, இருபத்தொன்பது ஆகியிருக்கும். உதவித்தொகை இருபத்திரண்டு, இருபத்துமூன்றில் வரத் தொடங்கலாம், சிலருக்கு வராமலும் போகலாம். அரசுக் கல்லூரியில் ஆங்கிலப் புத்தகம் வாசிக்கும் பழக்கத்தை அவளேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும், அதற்கு யாரும் கோச்சிங் தரமாட்டார்கள். இருபத்தொன்றில் கல்யாணப் பேச்சு எடுப்பீர்கள் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், நான் வேறு யோசிக்கிறேன். எடுக்கமாட்டோம் என்று அவளுக்கு நேராகச் சொல்லுங்கள், எனக்கு அல்ல.

மாமாவிடம் ஒரு வார்த்தை. நீங்கள் அக்கா குடும்பத்துக்காக அலைந்ததை நான் குறைத்துப் பேசவில்லை. பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு கரண்ட் வைக்க ஆறு வாரம் போனது நீங்கள்தான் என்று அம்மா சொன்னார். அந்தத் தோளை இன்னும் பத்து வருடம் இந்தப் பெண்ணுக்கும் கொடுங்கள். "என்ன படிக்குது?" என்று மணலியில் யாராவது கேட்டால் ஜூவாலஜி என்று சத்தமாகச் சொன்னால் போதும்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு வாருங்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம், நான்கும் வேண்டும். விண்ணப்பத்தை அன்றே போட்டுவிடலாம். தம்பியையும் அழைத்து வாருங்கள். பழைய ஸ்லைடு பெட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது, 33 மணி நேரம் அதில் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வைக்கிறேன்.