பட்டையை உரித்தால் மரம் பிழைக்குமா?

கேள்வி: கென்யா மலையடிவாரத்தில் நாங்கள் குத்தகைக்கு எடுத்துள்ள நிலத்தில் மூன்று பழைய மரங்கள் நிற்கின்றன. கிகுயு மக்கள் அவற்றை ‘முயிரி’ என்கிறார்கள். வியாபாரி ஒருவர் பட்டையை விலைக்குக் கேட்கிறார். உரித்தால் மரம் பட்டுப்போகுமா?

பதில்: முயிரி என்பது ஆப்பிரிக்கச் செர்ரி, அதாவது ‘புரூனஸ் ஆஃப்ரிகானா’ என்னும் பசுமைமாறா மலைக்காட்டு மரம். உறுதிசெய்துகொள்ள ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். கசப்பு வாதுமையின் வாடை அடிக்கும். இலைக்காம்பு இளஞ்சிவப்பாகவும், அடிமரப் பட்டை கருத்துக் கட்டம் கட்டமாக வெடித்தும் இருக்கும்.

முதிய ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கான மருந்தில் இந்தப் பட்டையின் சாறு சேர்கிறது. 1966இல் பிரான்சில் அதற்குக் காப்புரிமை பெறப்பட்ட பிறகு, கேமரூனிலும் மடகாஸ்கரிலும் மரங்களை வெட்டிச் சாய்த்தே பட்டை எடுக்கும் அளவுக்குக் கிராக்கி ஏறியது. அதனால் 1995 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இம்மரம் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஏற்றுமதி செய்ய முடியாது. ஆகவே வியாபாரியிடம் முதலில் உரிமத்தைக் கேளுங்கள், வனத்துறையிடமும் விசாரியுங்கள்.

இலையில் உருவாகும் உணவு உட்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிலும் உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து, மரம் மெல்ல மெல்லச் சாகும். அடிமரத்தின் சுற்றளவை நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பாகங்களில் மட்டும், தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தொடங்கி முதல் கிளைக்குக் கீழ்வரை உரிப்பதே முறை. குறுக்களவு 30 சென்டிமீட்டருக்குக் குறைந்த மரத்தைத் தொடவே கூடாது. பட்டைக்கு அடியில் வழுவழுப்பாக ஈரத்துடன் இருக்கும் கேம்பியம் படலத்தில் கத்தி பட்டுவிட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை வராது, பூச்சி துளைக்கும். மீதி இரண்டு பாகங்களை எடுக்க ஐந்தாண்டு இடைவெளி போதும் என்று கேமரூனில் முதலில் கருதினார்கள். அது போதவில்லை. எட்டாண்டாவது விடுங்கள்.

இவ்வளவும் சொன்னாலும், உங்களிடம் இருப்பவை மூன்றே மரங்கள் என்பதால் அவற்றை உரிக்காமல் விதைமரங்களாக வைத்துக்கொள்வதையே நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். பட்டைக்குக் கிடைப்பது ஒருமுறைப் பணம். நல்ல முயிரி விதையோ எளிதில் கிடைப்பதில்லை. பழம் செங்கருஞ்சிவப்பாகக் கனிந்ததும், பறவைகளும் குரங்குகளும் முந்திக்கொள்ளும் முன் பறித்து, சதையைக் கழுவி நீக்கி, விதையை வெயிலில் காயவிடாமல் உடனே நிழல் நாற்றங்காலில் ஊன்றுங்கள். காய்ந்து கிடந்தால் முளைப்புத்திறன் விரைவில் போய்விடும். அந்தக் கன்றுகள் பட்டை எடுக்கும் பருவத்தை எட்டப் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகும்.