கரும்பலகையில் இல்லாத பெயர்

அன்புள்ள ஐயா,

2022-ல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடில் தன்னார்வலராக இருந்தேன். உக்ரைன் போரால் மாஸ்கோவிடமிருந்து பறித்து நமக்குக் கொடுத்த போட்டி அது. அப்போதிலிருந்து ஒரு கேள்வி குடைகிறது. வேறொரு நாட்டில் ஜனநாயகம் நசுக்கப்படும்போது ஒரு தேசிய செஸ் சம்மேளனம் கண்டன அறிக்கை வெளியிட வேண்டாமா? விளையாட்டில் எதற்கு அரசியல் என்கிறார்கள் நண்பர்கள். போரை எதிர்த்து ரஷ்ய வீரர்கள் 44 பேர் புதினுக்குக் கடிதம் எழுதினார்கள். எழுதாதவர்கள் கோழைகள்தானே? அவர்களை ஏன் விளையாட விட வேண்டும்?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

உக்ரைன் பெண்கள் தங்கம் வாங்கியபோது நீங்கள் அந்த அரங்கில் இருந்திருக்கிறீர்கள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நான் வீட்டில் டிவியில்தான் பார்த்தேன்.

உங்கள் நண்பர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள். 1974-ல் நிறவெறிக்காகத் தென்னாப்பிரிக்காவை வெளியேற்றியது உலக செஸ் சம்மேளனமான ஃபிடே. 1976-ல் ஒலிம்பியாட் இஸ்ரேலில் என்றதும் சோவியத் அணி போகவில்லை, லிபியா அதற்குப் போட்டியாகத் திரிபோலியில் ஓர் ஒலிம்பியாடே நடத்தியது. மேசைக்கு மேசை கொடி வைத்து ஆடுகிற ஆட்டத்தில் அரசியல் இல்லை என்றால் வேறு எங்கே இருக்கிறது?

அறிக்கையா? தாராளமாக விடட்டும். செலவில்லாத காரியம். ரஷ்யாவிடமிருந்து ஒலிம்பியாடைப் பறித்த அதே ஃபிடே, அந்த ஒலிம்பியாட் நடந்துகொண்டிருக்கும்போதே, சென்னையில் வைத்து, ரஷ்யாவின் முன்னாள் துணைப் பிரதமர் த்வோர்கோவிச்சை மறுபடியும் தலைவராக்கியது. 157 ஓட்டு. எதிர்த்து நின்ற உக்ரைன்காரருக்கு 16. அந்த 157-ல் போரைக் கண்டித்த நாடுகளின் சம்மேளனங்கள் எத்தனை இருந்திருக்கும், நீங்களே யோசியுங்கள்.

ஆனால் 'கோழைகள்' என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. திருச்சியில் ஃபேன் காற்றில் உட்கார்ந்து தட்டிய வார்த்தை அது. அந்த 44 பேர் தங்கள் பெயரைப் போட்டு எழுதினார்கள், பெரிய காரியம், வணங்குகிறேன். எழுதாதவனுக்கு அம்மா இருக்கலாம், சிறையில் தள்ளத் தோதாக ஒரு மகன் இருக்கலாம். இதை நான் சும்மா சொல்லவில்லை.

விக்டர் கோர்ச்னோயைத் தெரியுமா? 1976-ல் ஆம்ஸ்டர்டாம் போட்டி முடிந்ததும் சோவியத் யூனியனுக்குத் திரும்ப மாட்டேன் என்று அங்கேயே தங்கிவிட்டவர். உடனே அவரைக் கண்டித்து 31 சோவியத் கிராண்ட்மாஸ்டர்கள் கையெழுத்துப் போட்ட கடிதம் வந்தது. போட்வின்னிக், ஸ்பாஸ்கி, ப்ரோன்ஸ்டீன் போல ஒருசிலர்தான் போடவில்லை. பாருங்கள், அதுவும் ஒரு 'நிலைப்பாடு'தான். அவருடைய மனைவியும் மகன் இகோரும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். ராணுவத்தில் சேரவில்லை என்று இகோரைச் சிறையில் போட்டார்கள். 1981-ல் இத்தாலியின் மெரானோவில் அப்பா உலகப் பட்டத்துக்கு ஆடும்போது மகன் சிறையில்.

இதில் சோவியத்துக்காரர்களைத் திட்டுவது சுலபம். என் ஆத்திரம் மற்றவர்கள் மேல். கோர்ச்னோயை அழைத்தால் எங்கள் ஆட்கள் வர மாட்டார்கள் என்றது மாஸ்கோ. சரி என்று தலையாட்டினார்கள், ஜனநாயக நாடுகளின் போட்டி அமைப்பாளர்கள் பலர். அப்போது உலகத்தில் இரண்டாவது இடத்தில் இருந்த ஆட்டக்காரர் அவர்! அவருக்கு ஒரு அழைப்பிதழ் அனுப்பக் கை வரவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது அறிக்கை இல்லை ஐயா, அழைப்பிதழ். ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு கடிகாரம். சம்மேளனத்தால் செய்ய முடிந்தது அதுதான், அதற்குத்தான் செலவும் ஆகும். ஈரான் ஆட்டக்காரர் சாரா காதம் 2022 டிசம்பரில் அல்மாட்டியில் முக்காடு போடாமல் ஆடினார், பிறகு ஈரானுக்குத் திரும்ப முடியவில்லை, ஸ்பெயின் இடம் கொடுத்தது. ரஷ்ய வீராங்கனை கோஸ்தெனியுக் அந்த 44 பேரில் ஒருவர், 2023-ல் சுவிட்சர்லாந்துக்கு மாறினார். கோர்ச்னோய் போய்ச் சேர்ந்ததும் அதே சுவிட்சர்லாந்துதான். நம் சம்மேளனத்துக்குக் கடிதம் எழுதுவதாக இருந்தால் இப்படிக் கேளுங்கள்: நாடு இல்லாமல் நிற்கும் ஒருவரை அடுத்த போட்டிக்குக் கூப்பிடுவீர்களா, அதனால் ஒரு பெரிய நாடு முறைத்துக்கொண்டாலும்?

1978-ல் எனக்குப் பதினான்கு வயது. எங்கள் ஊரில் சைக்கிள் கடை மாடியில் ஒரு வாசகசாலை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர்தான் எங்களுக்குச் செஸ் கற்றுக் கொடுத்தார். சார் என்போம். காசு வாங்க மாட்டார், தோற்றுப்போகிறவனுக்கு அவரே டீயும் பன்னும் வாங்கிக் கொடுப்பார். சுவரில் லெனின் படம். பிலிப்பைன்ஸின் பாகியோவில் உலகப் பட்டத்துக்காகச் சோவியத் சாம்பியன் கார்ப்போவும் கோர்ச்னோயும் ஆடிய அந்த மூன்று மாதமும், ஆங்கிலப் பேப்பரில் வந்த நகர்த்தல்களைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார். மேலே இரண்டு தலைப்பு: 'கார்ப்போவ்', 'எதிராளி'. சோவியத் பத்திரிகைகளும் அப்படித்தான், பெயரைத் தவிர்த்துவிட்டுப் பட்டத்துக்குப் போட்டியிடுபவர் என்றே எழுதின என்பது எனக்கு ரொம்பப் பிறகு தெரிந்தது. வெற்றிக் கணக்கில் 5-2 என்று பின்னால் இருந்த கோர்ச்னோய் 5-5-க்கு வந்துவிட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சார் கீழே போயிருந்த நேரத்தில் 'எதிராளி'யை அழித்துவிட்டுக் கொட்டை எழுத்தில் 'கோர்ச்னோய்' என்று எழுதினேன். வந்தார். திட்டவில்லை. தோள் துண்டின் நுனியால் அதை மட்டும் துடைத்தார். துண்டில் சுண்ணாம்பு ஒட்டியதைக்கூட உதறவில்லை. 32-வது ஆட்டத்தில் கார்ப்போவ் ஜெயித்ததும் எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

1982-ல் கல்லூரி லீவில் ஊருக்கு வந்தபோது மாடிக்குப் போனேன். லெனின் படம் அப்படியே இருந்தது. சாருக்குக் கண் மங்கிவிட்டது, பேப்பரை மூக்கருகே பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். என் குரலைக் கேட்டதும் பேப்பரை மடித்தார். அந்த மாடியில் வேறு யாரும் இல்லை, இருந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கோர்ச்னோய் பையனை விட்டுட்டாங்களாமேடா?"

ஆமாம் சார், அம்மாவும் பையனும் வெளியே வந்துவிட்டார்கள் என்றேன். தலையை ஆட்டினார். அப்புறம் பலகையை எடுத்து வைத்துக் காய்களை அடுக்க ஆரம்பித்தார். வெள்ளையை என் பக்கம் தள்ளினார்.