பட்டுப்போன மா ஒட்டுக்கன்றைப் பிடுங்கிப் பாருங்கள்

கேள்வி: சிவகங்கைப் பக்கம் செம்மண் நிலத்தில் மார்ச் மாதம் 40 மா ஒட்டுக்கன்றுகள் நட்டேன். இரண்டு மாதத்தில் 15 கன்றுகள் காய்ந்துவிட்டன. மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவானைக் கன்றுக்கு ஒன்றரை அடி தள்ளி வைத்து, தினமும் 15 நிமிடம் தண்ணீர் விடுகிறேன். உரம் போதவில்லையா?

பதில்: உரத்தை விடுங்கள். 15 நிமிடத்துக்குக் கிடைப்பது ஒரே ஒரு லிட்டர். அதுவும் வேர் இல்லாத இடத்தில் விழுகிறது. நட்ட புதிதில் கன்றுக்கு உள்ள வேரெல்லாம் பையிலிருந்து வந்த தாய்மண்ணுக்குள்தான் இருக்கும். சுற்றியுள்ள மண் ஈரமாகத் தெரிந்தாலும் தாய்மண் கட்டி காய்ந்து கிடக்கும்.

செத்த கன்று ஒன்றைப் பிடுங்கினால் மற்றக் காரணங்களும் தெரியும். வேர் பையின் வடிவத்திலேயே சுருண்டிருந்தால் அது பையில் அதிக நாள் கிடந்த கன்று. அடியில் தடித்த வேர் வெட்டுப்பட்டிருந்தால், நர்சரி தரையில் வேர் இறங்கியதை அறுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இலை நிறைய, வேர் குறைவு, மார்ச் வெயில் வேறு! மண்ணுக்குள் பட்டை அரிக்கப்பட்டிருந்தால் கரையான். மக்காத சாணம் போட்ட குழியில் இது சகஜம். வேர் கறுத்து நாறினால் தண்ணீர் தேங்கியிருக்கிறது; செம்மண்ணில் அபூர்வம். ஒட்டுக்குக் கீழே மட்டும் துளிர் வந்தால் மேலே ஒட்டிய ரகம் செத்துவிட்டது, அந்தக் கன்றை வைத்துக்கொண்டு பயனில்லை.

உயிரோடு இருப்பவற்றுக்குச் சொட்டுவானை இன்றே தாய்மண் விளிம்புக்கு நகர்த்துங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை 10 லிட்டர் விடுங்கள். புதுத்துளிர் முற்றிய பிறகு ஓரடி தள்ளி வைக்கலாம். இலை உதிர்ந்த கன்றின் பட்டையை நகத்தால் கீறி, பச்சை தெரிந்தால் விட்டுவையுங்கள்.

மறுநடவைப் புரட்டாசிக்குத் தள்ளுங்கள். செம்பு நிறத் துளிரோடு இருக்கும் கன்று வேண்டாம். இலை முற்றியதாக எடுத்து, இரண்டு வாரம் உங்கள் நிலத்திலேயே அரை நிழலில் வைத்து, மெல்ல வெயிலுக்குப் பழக்குங்கள். மூன்றடி நீள, அகல, ஆழக் குழியில் மேல்மண், மக்கிய தொழுவுரம் 10 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 1 கிலோ கலந்து நிரப்பி, தண்ணீர் விட்டு அமுங்கவிடுங்கள். அமுங்காத குழியில் நட்டால் கன்று இறங்கி, ஒட்டுப் பகுதி மண்ணுக்குள் போய்விடும். அது தரைக்கு மேல் அரை அடியாவது நிற்க வேண்டும்.

பையைக் கிழித்து, அடியில் சுருண்ட வேரை நறுக்கி, மாலையில் நடுங்கள். முதல் தண்ணீரைக் குடத்தால் தாய்மண் மேலேயே ஊற்றுங்கள். ஒட்டில் கட்டிய பிளாஸ்டிக் நாடா இருந்தால் அவிழ்த்துவிடுங்கள், தண்டு பருக்கும்போது அது இறுக்கும்.