டெட்ராசைக்ளினும் கேட்கவில்லை, என்ரோவும் கேட்கவில்லை. அடுத்து என்ன மருந்து?

கேள்வி: பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். மூன்றாவது வாரம் ஆனால் சளி, கொரகொரப்பு, அப்புறம் சாவு. முன்பெல்லாம் ஆக்ஸிடெட்ராசைக்ளின் தண்ணீரில் விட்டால் நின்றுவிடும். இப்போது என்ரோஃப்ளாக்சசினுக்கும் நிற்கவில்லை. இதைவிட வீரியமான மருந்து எது?

பதில்: மருந்துப் பெயரை இப்போது சொல்ல மாட்டேன். செத்த கோழியை அறுத்துப் பாருங்கள். இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் பாலாடை போல வெள்ளை ஏடு படிந்திருந்தால் பெரும்பாலும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாதான்.

இந்தக் கிருமியின் சவ்வில் மருந்தை வெளியே தள்ளும் பம்புகள் உண்டு. டெட்ராசைக்ளினுக்கென்றே ஒரு பம்பு இருக்கிறது, மருந்து உள்ளே வந்ததும்தான் அதன் மரபணு விழித்துக்கொள்ளும், அந்த மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடும். இன்னொன்று ஏசிஆர்ஏபி என்ற பம்பு, குடலில் பித்த உப்பை வெளியேற்றிப் பிழைத்துக்கொள்ள ஈ.கோலை இயல்பாகவே வைத்திருப்பது. டெட்ராசைக்ளினைக் குறைந்த அளவில் தொடர்ந்து கொடுத்தால், இந்தப் பம்பை அதிகமாகச் செய்யும் கிருமிகள்தான் தப்பிப் பெருகும். அது டெட்ராசைக்ளினோடு என்ரோஃப்ளாக்சசினையும் சேர்த்தே வெளியே தள்ளும். உள்ளே மருந்து போதாமல் கிருமி சாகாமல் கிடக்கும்போது, என்ரோஃப்ளாக்சசின் போய்ப் பிடிக்கும் நொதியும் மாறிவிடும், அப்புறம் முழு டோஸும் பலிக்காது. ஒரு மருந்தைக் கண்டபடி கொடுத்தால் இன்னொன்றும் கைவிட்டுப் போவது இப்படித்தான். 1976-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் அருகே ஒரு பண்ணையில் தீவனத்தில் டெட்ராசைக்ளின் கலந்தபோது, கோழிகளின் குடல் கிருமிகளில் ஒரு வாரத்துக்குள் எதிர்ப்பு வந்தது, சில மாதங்களில் அந்தப் பண்ணைக் குடும்பத்தாரிடமும் தெரிந்தது. உங்கள் வீட்டுக் குழந்தைகளும் அந்தக் கொட்டகைக்குள் போய் வருகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை.

சரி, எல்லாப் பழியையும் பம்பின் மேல் போட்டுவிட வேண்டாம். போர் தண்ணீர் உப்பாக, கடினமாக இருந்தால் அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் இந்த இரண்டு மருந்தையும் பிடித்துக்கொள்ளும், கோழிக்குப் போய்ச் சேருவது குறையும். முதலில் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள்.

மருந்து கொடுக்காத, நோயுள்ள அல்லது அப்போதுதான் செத்த இரண்டு மூன்று கோழிகளை ஐஸில் வைத்து (உறைய விடாமல்) நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ உங்கள் மாவட்ட நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ கொண்டுபோய், கிருமி வளர்ப்பும் மருந்து உணர்திறன் பரிசோதனையும் கேளுங்கள். எந்த மருந்து கேட்கும் என்று முடிவு சொல்லும், அதை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள், கோழி தெளிந்துவிட்டதென்று பாதியில் நிறுத்தாதீர்கள். கடைக்காரர் கொலிஸ்டின் தந்தால் வாங்காதீர்கள், உணவுக்கு வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் 2019 ஜூலையிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது.

சாவு மூன்றாவது வாரமே வருவதால் கொட்டகையையும் பாருங்கள். காலையில் உட்கார்ந்து கோழி மட்டத்தில் மூக்கை வைத்தால் கண் எரிகிறதா? அப்படியென்றால் அமோனியாதான் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கி ஈ.கோலைக்கு வழிவிடுகிறது. கூளத்தைக் கிளறி ஈரமானதை எடுத்துவிடுங்கள், திரையைத் தூக்கிக் காற்று விடுங்கள், பேட்ச் முடிந்ததும் நிப்பிள் குழாயின் உள்ளே வழவழப்பாகப் படிந்ததைக் கழுவி எடுங்கள், தண்ணீரில் குளோரின் விடுங்கள் (தண்ணீரில் தடுப்பூசி கொடுக்கும் நாளையொட்டி வேண்டாம்). மருந்து கொடுத்த கோழியை லேபிளில் போட்டிருக்கும் இடைவெளி நாட்கள் முடியாமல் லாரியில் ஏற்றாதீர்கள்.