பலகைச் சாலைகளும் சுங்கக் கம்பெனிகளும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மரப்பலகையால் சாலை போடும் யோசனை அமெரிக்காவுக்கு எங்கிருந்து வந்தது?

பதில்: கனடாவிலிருந்து வந்தது. 1830களின் நடுவிலேயே டொராண்டோ வட்டாரத்தில் பலகைச் சாலை போட்டுவிட்டார்கள். அதை நேரில் பார்த்துவந்த ஜார்ஜ் கெடஸ் என்ற பொறியாளர் முன்னின்று, நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் அருகே சலைனாவிலிருந்து சென்ட்ரல் ஸ்குவேர் வரை அமைத்த சாலை 1846இல் முடிந்தது. சாலை போட்டுச் சுங்கம் வாங்கும் ஒவ்வொரு கம்பெனியையும் தொடங்கத் தனிச்சட்டம் தேவையில்லை என்று மறு ஆண்டே அம்மாநிலம் பொதுச்சட்டம் இயற்றவும், கம்பெனிகள் புற்றீசல்போலக் கிளம்பின.

கேள்வி: பலகைகளை வெறுந்தரையில் விரித்தால் நிற்குமா?

பதில்: வெறுந்தரையில் விரிக்கவில்லை. சாலையின் போக்கிலேயே இரண்டு வரிசை மரக்கட்டைகளை மண்ணில் பதித்து, அவற்றின்மேல் எட்டடி நீளமும் மூன்று நான்கு அங்குலக் கனமும் உள்ள பலகைகளைக் குறுக்கே நெருக்கி அடுக்கினார்கள். பலகையைப் பெரும்பாலும் அதன் எடையும் ஓரத்தில் அணைத்த மண்ணுமே பிடித்துக்கொண்டன. ஓரங்களை நேர்கோட்டில் வெட்டாமல் சில பலகைகளைச் சற்றே நீட்டிவிட்டது நல்ல யுக்தி. எதிரே வந்த வண்டிக்கு வழிவிடப் பக்கத்து மண்தடத்தில் இறங்கிய சக்கரம், ஓரத்தை உரசிக்கொண்டே ஓடாமல், நீட்டிய பலகையில் பற்றி மேலேறிவிடும்.

கேள்வி: சுங்கம் எவ்வளவு வாங்கினார்கள்?

பதில்: வட கரோலினாவில் ஃபாயெட்வில்லிலிருந்து பெத்தானியா வரை 129 மைல் ஓடிய சாலையில், மைலுக்குக் குதிரைக்காரர் அரை செண்டும், ஒற்றைக் குதிரை வண்டி 1 செண்டும், இரட்டைக் குதிரை வண்டி 2 செண்டும் கட்டவேண்டும். முழுத்தூரமும் போகும் இரட்டைக் குதிரை வண்டிக்கு 2 டாலர் 58 செண்ட் ஆகும். ஆனால் இதை முழுத் தனியார் சாலை என்று சொல்லிவிடமுடியாது. ஐந்தில் மூன்று பங்கு மாநில அரசின் கையில் இருந்தது.

கேள்வி: ரயில் வந்ததால்தானே இவை அழிந்தன?

பதில்: பொதுவாக அப்படித்தான் சொல்கிறார்கள், நான் அதைப் பாதி உண்மை என்றே கொள்வேன். பல பலகைச் சாலைகள் ரயில் நிலையத்துக்கும் கால்வாய்த் துறைக்கும் சரக்கு கொண்டுசேர்த்த குறுகிய கிளைச்சாலைகளே ஆகையால், ரயில் அவற்றுக்குப் போட்டியாக மட்டும் இருக்கவில்லை. அடிப்படைக் கோளாறு மரத்தில் இருந்தது. பலகை எட்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் உழைக்கும் என்று நம்பி வரவுசெலவு போட்டிருந்தார்கள். அதுவோ நான்கைந்து ஆண்டுகளிலேயே மக்கத் தொடங்கியது. பங்குப் பணத்தையெல்லாம் சாலையில் போட்டுவிட்டு, கிடைத்த சுங்கத்தை ஈவுத்தொகையாகப் பிரித்துக்கொண்ட கம்பெனியிடம், முழுச்சாலைக்கும் புதுப்பலகை போடக் கையிருப்பு எங்கே இருக்கும்? சில கம்பெனிகள் பலகை உளுத்த இடங்களில் சரளைக்கல் கொட்டி, சுங்கத்தை மட்டும் தொடர்ந்து வாங்கின.

கேள்வி: இவ்வளவு ஆபத்தான பங்குகளை யார் வாங்கினார்கள்?

பதில்: பெரும்பாலும் அந்தச் சாலையோரத்து விவசாயிகளும் ஊர் வியாபாரிகளும்தான். அதற்கு முந்தைய தலைமுறையில் போடப்பட்ட கல்சாலைக் கம்பெனிகள் பலவும் லாபம் தராததை அவர்கள் அறிவார்கள். ஆனாலும் ஈவுத்தொகை கிடைக்காவிட்டால்கூட, சேற்றுக்காலத்திலும் விளைச்சல் சந்தைக்குப் போகும், நிலத்தின் விலை ஏறும் என்ற கணக்கு அவர்களுக்கு இருந்தது. கம்பெனிகள் கைவிட்ட சாலைகள் பின்னர் ஊராட்சிகளின் பொறுப்புக்கு வந்து, சுங்கமில்லாப் பொதுச்சாலைகளாயின.