மவுசுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

கேள்வி: என்னோடு வேலை செய்பவர்களில் பாதிப்பேர் லாஜிடெக் எம்எக்ஸ் மாஸ்டர் மவுஸ்தான் வைத்திருக்கிறார்கள். சாதாரண மவுஸை வாங்கும் காசைப்போல் பல மடங்கு கொடுத்து வாங்க அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

பதில்: வீல். மற்றதெல்லாம் அப்புறம்தான். 2019இல் வந்த எம்எக்ஸ் மாஸ்டர் 3இலிருந்து ஸ்க்ரோல் வீலை மின்காந்தத்தால் கட்டுப்படுத்துகிறார்கள். மெதுவாக உருட்டினால் 'டிக் டிக்' என்று ஒவ்வொரு வரியாக நகரும், ஒரே சுண்டாகச் சுண்டிவிட்டால் பிடி தானாக விலகி வீல் சும்மா சுழலும், பத்தாயிரம் வரி எக்ஸெல் கோப்பின் அடிக்குப் போய்விட்டு நீங்கள் விரலை வைத்தால் நிற்கும். விநாடிக்கு 1,000 வரி என்பது நிறுவனத்தின் கணக்கு. நான் எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் பழகிவிட்டால் வேறு மவுஸைத் தொடும்போது வண்டிச் சக்கரத்தைச் சேற்றில் தள்ளுவதுபோல் இருக்கும். கட்டைவிரல் பக்கம் இன்னொரு வீல் உண்டு, அது பக்கவாட்டில் நகர்த்த. அகலமான அட்டவணை, வீடியோ எடிட்டிங் டைம்லைன் இவற்றோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு அதன் அருமை தெரியும். மூன்று கம்ப்யூட்டர்களோடு இணைத்துவைத்து, அடியிலுள்ள பட்டனை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். கண்ணாடி மேஜையிலும் ஓடும், கண்ணாடி குறைந்தது 4 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால்.

நாளெல்லாம் நீளமான கோப்புகளில் உருட்டிக்கொண்டிருப்பவர் என்றால் வாங்குங்கள். மின்னஞ்சல் பார்க்க, படம் பார்க்க என்றால் வேண்டாம்.

கேள்வி: என்னிடம் 3 இருக்கிறது. 3எஸ்ஸுக்கு மாறலாமா?

பதில்: கெட்டுப்போகாத வரை மாறாதீர்கள். 2022இல் வந்த 3எஸ்ஸுக்கும் அதே உடம்புதான். அசைவை உணரும் சென்சார் 4,000 டிபிஐயிலிருந்து (ஓர் அங்குல நகர்வை எத்தனை புள்ளிகளாகப் பிரித்துப் பார்க்கிறது என்ற கணக்கு) 8,000 ஆனது. சாதாரணத் திரையில் உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. உருப்படியான மாற்றம், கிளிக் சத்தம் வெகுவாக அடங்கியது. சிலருக்கு அதுவே குறை, அழுத்திய உணர்வே வரவில்லை என்கிறார்கள். இன்னொன்று, வயரில்லாமல் இணைக்கக் கம்ப்யூட்டரில் செருகும் ரிசீவர் யூனிஃபையிங் என்ற பழைய வகையிலிருந்து போல்ட் என்ற புது வகைக்கு மாறிவிட்டது, ஆகவே பழைய ரிசீவரில் புது மவுஸ் சேராது. ப்ளூடூத்தில் இணைப்பவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. 2025இல் வந்த 4இல் கட்டைவிரல் படும் இடத்தில் லேசாக அதிரும் வசதி சேர்த்திருக்கிறார்கள்.

கேள்வி: கேம் ஆடலாமா?

பதில்: சீட்டாட்டம் ஆடலாம். சுடும் ஆட்டம் என்றால், 3, 3எஸ்ஸின் 141 கிராம் கனத்தை இழுத்து இழுத்து மணிக்கட்டு வலிக்கும். அதோடு இது விநாடிக்கு 125 முறைதான் கம்ப்யூட்டருக்குத் தகவல் சொல்கிறது. கேமிங் மவுஸ்களில் 1,000 முறை என்பது சர்வசாதாரணம்.

கேள்வி: பேட்டரி எப்படி? வாங்கியவர்கள் அதிகம் குறை சொல்வது எதைப் பற்றி?

பதில்: பேட்டரியைக் குறை சொல்பவர்கள் குறைவு. முழு சார்ஜுக்கு 70 நாள், ஒரு நிமிட சார்ஜுக்கு மூன்று மணி நேரம் என்பது நிறுவனத்தின் கணக்கு. சார்ஜ் துளை மூக்கில் இருப்பதால் வயரைச் செருகிக்கொண்டே வேலை பார்க்கலாம் (ஆப்பிளின் மேஜிக் மவுஸில் துளை வயிற்றுப் பக்கம், சார்ஜ் ஏறும்வரை அதைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவேண்டியதுதான்). குறை என்று பார்த்தால் 3, 3எஸ்ஸின் மேல்பூச்சு. ரப்பர் மாதிரி இருக்கும் அது வியர்வை பட்டுப் பட்டு நாளடைவில் பளபளத்து, சிலருக்குப் பிசுபிசுக்கவும் செய்கிறது. வியர்க்கும் கை என்றால் அடர் நிறம் வேண்டாம், அதில்தான் எண்ணெய்ப்பசை அப்பட்டமாகத் தெரியும்.

கேள்வி: நான் இடதுகைக்காரி. எனக்கு?

பதில்: இந்த வரிசையில் இல்லை அம்மா, வடிவமே வலதுகைக்கானது. அதே நிறுவனத்தின் லிஃப்ட் என்ற செங்குத்து மவுஸ் (கை குலுக்குவதுபோல் பிடிப்பது) இடதுகைக்கும் வருகிறது. அந்த மின்காந்த வீல் மட்டும் அதில் இல்லை.